எட்டோ ஒன்பதோ: அமெரிக்கக் கல்லூரிகளின் உதைபந்தாட்ட அட்டவணை பற்றிய ஒரு சிந்தனை

விழா மலர்களில் விளையாட்டைப் பற்றி எழுதப் புகுவோர் தத்தம் கல்லூரி ஈட்டிய வெற்றிகளை நிரல்படுத்திக் காட்டுதலே பெருவழக்கு. அவ்வழக்கத்தை நாம் குறைகூறுவோமல்லோம். வென்றோர் பெயரை மறவாது போற்றுதல் நன்றியுடையார் கடன். ஆயினும், வெற்றி தோல்வி என்னும் இரண்டிற்கும் முற்பட்ட வினா ஒன்றுண்டு. மாணவன் ஒருவன் ஓராண்டில் எத்தனை ஆட்டம் ஆடுதல் தகும்? யாரோடு ஆடுதல் தகும்? அதனை வரையறுக்கும் உரிமை யாருக்குரியது? இவ்வினா எழாத கல்லூரி உலகில் இல்லை. எனினும், இது மிகப் பெரிய அளவில், மிகுந்த ஆரவாரத்தோடு வாதிக்கப்படும் நாடு ஐக்கிய அமெரிக்க நாடுகளேயாம். அந்நாட்டுக் கல்லூரி உதைபந்தாட்டத்தில், ஒரே கூட்டமைப்பைச் சேர்ந்த கல்லூரிகள் தம்முள் ஆடும் ஆட்டங்கள் எட்டாயிருத்தல் வேண்டுமா, ஒன்பதாக நீளுதல் வேண்டுமா என்னும் வழக்கினை ஈண்டு எடுத்து ஆராய்வோம். எண்ணிக்கையில் ஒன்றே வேறுபாடு. அவ்வொன்றினுள் அடங்கிய பொருளோ பெரிது.

அமெரிக்கக் கல்லூரி என்பது யாழ்ப்பாணத்தவர்க்கு அயலான சொல்லன்று. 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையிலே தோன்றிய செமினறிக்கு முதல் அதிபராய் அமைந்த தானியேல் பூவர், 1811ஆம் ஆண்டில் டாட்மவுத் கல்லூரியிற் பட்டம் பெற்று வந்தவர். மிசன் கல்வி இம்மண்ணில் வேரூன்றியமையாலன்றோ, நம் சமயச் சூழலிலேயே ஆங்கிலக் கல்வியும் அளித்தல் வேண்டுமென்னும் வேட்கை நம் பெரியார்க்கு எழுந்தது? அவ்வேட்கையின் பயனே இந்துக் கல்லூரிகள். ஆதலின் டாட்மவுத் என்னும் பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வாராக. பின்னர் அது மீண்டும் வரும்.

இனி, அமெரிக்கர் உதைபந்தாட்டம் எனக் கூறுவது நாம் ஆடும் ஆட்டமன்று. பெயர் உதைபந்தாயினும், இரு முனையுங் கூர்ந்த பந்தினைக் கையாற் பற்றிக்கொண்டு ஓடுதலும், எறிதலும், ஓடுவானை மோதி வீழ்த்துதலுமே அதன் உயிர்நாடி. 1869ஆம் ஆண்டு நவம்பர் 6ஆந் திகதி ரட்கர்ஸ், பிரின்ஸ்ரன் ஆகிய இரு கல்லூரிகளும் பக்கத்துக்கு இருபத்தைவராய் நின்று ஆடிய ஆட்டமே அந்நாட்டுக் கல்லூரி உதைபந்தாட்டத்தின் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது. அன்று ஆடிய ஆட்டம் நம் உதைபந்தாட்டத்தை ஓரளவு ஒத்திருந்தது. ரட்கர்ஸ் 6க்கு 4 என வென்றது. பின்னர் அது வேறு வடிவெடுத்து, வலிமையும் வன்மையும் மிக்க விளையாட்டாய் வளர்ந்தது. அவ்வன்மை 1905ஆம் ஆண்டில் எல்லை கடந்தது. களத்திலே இளைஞர் பலர் உயிரிழக்க, அந்நாட்டின் சனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்ற் ஹார்வார்ட், யேல், பிரின்ஸ்ரன் ஆகியவற்றின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, ஆட்டத்தைத் திருத்துமாறு வற்புறுத்தினார். கல்லூரி விளையாட்டுக்களை ஒழுங்குசெய்யும் தேசிய சங்கம் 1906ஆம் ஆண்டில் உருவாயதற்கு அதுவே காரணம்.

அதற்குப் பத்தாண்டு முன்னரே கூட்டமைப்புக்கள் தோன்றிவிட்டன. 1895ஆம் ஆண்டு சனவரியில், பேடியூ பல்கலைக்கழகத் தலைவரின் அழைப்பிற்கிணங்கி, மத்திய மேற்குப் பல்கலைக்கழகங்கள் ஏழின் தலைவர்கள் சிக்காகோ நகரிற் கூடினர். விளையாட்டின் பெயரால் நிகழ்ந்த முறைகேடுகளை அடக்குதலே அவர்தம் நோக்கம். அடுத்த ஆண்டு பிறந்த அமைப்பின் முறையான பெயர், ஆசிரியப் பிரதிநிதிகளின் கல்லூரியிடைக் கூட்டமைப்பு என்னும் பொருளுடையது. இன்று 'பிக் ரென்', அஃதாவது பெரிய பத்து, எனப்படுவது அதுவே. ஆசிரியரால், ஆட்டத்தை அளவுக்குள் நிறுத்தும்பொருட்டுப் பிறந்ததே கூட்டமைப்பு என்பதனை நாம் அழுத்திக் கூறுகின்றோம். இவ்வழக்கின் முடிவு இவ்வுண்மையிலேயே தங்கியுள்ளது.

இனி அட்டவணையின் அமைப்பை நோக்குவோம். ஒரு கல்லூரி ஒரு பருவத்தில் ஆடும் ஆட்டங்கள் முன்னர்ப் பத்தளவில் இருந்தன. 1970ஆம் ஆண்டிற் பதினொன்றாயின. 2006ஆம் ஆண்டிற் பன்னிரண்டு என்பது நிலைபெற்றது. இப்பன்னிரண்டில் ஒரு பகுதி கூட்டமைப்பினுள் ஆடப்படும். எஞ்சியவற்றைக் கல்லூரி தன் விருப்பப்படி வெளியாரோடு ஒழுங்குசெய்துகொள்ளும். கூட்டமைப்பாட்டங்களை ஒன்பதாக்கும் வழியில் பசிபிக் கரைக் கல்லூரிகள் 2006ஆம் ஆண்டிலும், 'பிக் 12' 2011ஆம் ஆண்டிலும், 'பிக் ரென்' 2016ஆம் ஆண்டிலும் சென்றன. ஆட்ட வலிமையிற் பெயர்பெற்ற தென்கிழக்குக் கூட்டமைப்போ 1992ஆம் ஆண்டு முதல் எட்டிலேயே நின்றது. கொள்ளைநோய் பரவிய 2020ஆம் ஆண்டில் மட்டும், வெளியாரைத் தவிர்த்துத் தம்முள்ளேயே பத்து ஆட்டங்கள் ஆடினர். நெடுங்கால வாதத்தின் பின், 2026ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து ஒன்பது என்று 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அக்கூட்டமைப்புத் தீர்மானித்தது. அத்திலாந்திக் கரையோரக் கூட்டமைப்பும் அடுத்த மாதத்திலேயே அவ்வழியைத் தேர்ந்தது.

நீட்சியை ஆதரிப்போர் கூறும் நியாயங்களை முதலிற் கேட்போம்.

முதலாவது நியாயம், உறவின் பொருள் பற்றியது. ஒரு கூட்டமைப்பில் உறுப்பாயிருத்தல் என்பது ஒருவரோடொருவர் ஆடுதலேயன்றிப் பிறிதில்லை. ரெக்சாஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகம் 2012ஆம் ஆண்டிலே தென்கிழக்குக் கூட்டமைப்பிற் சேர்ந்தது. அதே கூட்டமைப்பைச் சேர்ந்த ஜோர்ஜியாவை அது உறுப்பினன் என்ற முறையில் முதன்முதல் எதிர்த்தது 2019ஆம் ஆண்டிலேதான். இடையில் ஏழாண்டு கழிந்தன. நான்காண்டு பயின்று பட்டம் பெற்று வெளியேறிய மாணவர் பலர், தம் உறவினர் எனப்பட்டோரின் முகத்தைக் களத்திற் காணாமலே சென்றனர். பந்தியில் ஒருபோதும் ஒன்றாயிருந்து உண்ணாதாரைச் சுற்றத்தார் என்பது எங்ஙனம்? பதினாறு கல்லூரிகள் கொண்ட இக்கூட்டமைப்பு வகுத்த புதிய ஒழுங்கின்படி, ஒவ்வொரு கல்லூரிக்கும் ஆண்டுதோறும் மாறாத எதிரிகள் மூவர். எஞ்சிய பன்னிருவரும் ஆண்டுக்கு அறுவராய் முறைவைத்து வருவர். ஆகவே ஈராண்டில் ஒருமுறையேனும் யாவரும் யாவரையும் எதிர்ப்பர். நான்காண்டுக்குள் ஒவ்வொருவர் களத்தையும் மிதிப்பர். நான்காண்டு என்பது ஒரு மாணவனின் கல்லூரி வாழ்வின் அளவு. அவ்வளவிற்குப் பொருந்த அட்டவணை வகுக்கப்பட்டமை பாராட்டற்பாலது.

இரண்டாவது நியாயம், பழம் பகை பற்றியது. பகை என்றது தீயதன்று. கல்லூரிகளுக்கிடையே தலைமுறை தலைமுறையாய் வரும் நற்போட்டியையே குறித்தோம். ரெக்சாஸ் பல்கலைக்கழகமும் ரெக்சாஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகமும் 1894ஆம் ஆண்டிலே தொடங்கிய போட்டி, ஒன்று கூட்டமைப்பு மாறியமையால் 2011ஆம் ஆண்டோடு நின்றது. பதின்மூன்றாண்டு கழிந்தபின், இரண்டும் ஒரே கூட்டமைப்பினுட் புகுந்தமையால், 2024ஆம் ஆண்டு நவம்பரில் அஃது உயிர்பெற்றது. கூட்டமைப்பாட்டங்கள் எட்டாயிருப்பின், மாறாத எதிரிகளுக்கு இடம் விட்டால் ஏனையோரைச் சந்தித்தல் அரிதாகும். ஏனையோருக்கு இடம் விட்டால் பழம்போட்டிகள் அழியும். ஒன்பதாவது ஆட்டம் இவ்விரண்டிற்கும் இடந்தருகின்றது என்பர் ஆதரிப்போர்.

மூன்றாவது நியாயம், நடுவுநிலை பற்றியது. அந்நாட்டிலே தேசிய வெற்றிக்கிண்ணத்துக்குரிய கல்லூரிகளை ஒரு தெரிவுக் குழு தேர்ந்தெடுக்கின்றது. 2014ஆம் ஆண்டுப் பருவம் முதல் நால்வரைத் தேர்ந்த அக்குழு, 2024ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து பன்னிருவரைத் தேர்கின்றது. தேர்வுக்கு அளவுகோல் வெற்றித் தொகையும் எதிரிகளின் வலிமையுமாம். ஆயின், மெலியாரை வருவித்து வென்று எண்ணிக்கையைப் பெருக்கியவனும், வலியாரோடு பொருது இடையிடையே தோற்றவனும் ஒரே தராசில் நிறுக்கப்படுங்கால் நீதி பிழைத்தல் கூடும். 2024ஆம் ஆண்டில், மூன்று தோல்வி கண்ட அலபாமாவைக் குழு விலக்கி, இரண்டே தோல்வி கண்ட சதேண் மெதடிஸ்ற் பல்கலைக்கழகத்தை ஏற்றபோது எழுந்த ஆரவாரம் சிறிதன்று. யார் செய்தது சரி என்பது நம் ஆராய்ச்சிக்குரியதன்று. யாவரும் ஏறக்குறைய ஒரேயளவு வலிய எதிரிகளைச் சந்திக்குமாறு அட்டவணை அமையின், இத்தகைய ஐயங்கள் குறையும் என்பது மறுத்தற்கரியது.

நான்காவது நியாயம், வெளிப்படக் கூறாவிடினும் யாவரும் அறிந்தது. அது பொருள். நல்ல ஆட்டத்துக்கே தொலைக்காட்சி நிலையங்கள் பெரும்பணம் தருகின்றன. 'பிக் ரென்' 2022ஆம் ஆண்டிற் செய்துகொண்ட ஒப்பந்தம் ஏழாண்டுக்கு எழுநூறு கோடி டொலருக்கு மேற்பட்டது. அப்பணத்தாற் கல்லூரியின் பிற விளையாட்டுக்களும் வாழ்கின்றன என்பதனையும் நாம் மறைத்தல் ஆகாது. நீந்துவோரும் ஓடுவோரும் மற்போர் புரிவோரும் உதைபந்தாட்டம் ஈட்டிய பொருளிலேயே பெரிதும் தங்கியுள்ளனர்.

நிற்க. மறுப்போர் கூற்றையும் அதே பொறுமையோடு கேட்டல் அறமாம்.

முதலிற் கணக்கு. ஓர் ஆட்டத்தில் ஒருவன் வெல்ல ஒருவன் தோற்றே தீர்வான். பதினாறு கல்லூரிகள் தம்முள் எட்டு ஆட்டம் வீதம் ஆடின், மொத்தம் அறுபத்துநான்கு ஆட்டங்கள், அறுபத்துநான்கு தோல்விகள். ஒன்பது வீதம் ஆடின், எழுபத்திரண்டு. ஆண்டுதோறும் எட்டுத் தோல்விகள் அக்கூட்டமைப்பினுள் மிகுகின்றன. முன்னர் அவ்வெட்டு ஆட்டங்களுக்கு ஈடாகப் பதினாறு கல்லூரிகளும் வெளியாரை எதிர்த்துப் பெரும்பாலும் வென்றன. ஆறு வெற்றி பெற்றாலன்றிப் பருவ இறுதியின் சிறப்பாட்டங்களுக்கு அழைப்பில்லை என்பது அந்நாட்டு விதி. வலியார்க்கு இவ்வொரு தோல்வி பொருட்டன்று. நடுத்தரக் கல்லூரிக்கோ ஐந்துக்கும் ஆறுக்கும் இடைப்பட்ட அவ்வொன்றே ஆண்டின் பயனைத் தீர்மானிப்பது. அன்றியும், ஒன்பது ஒற்றைப்படை எண். பாதிக் கல்லூரிகள் தம் களத்தில் ஐந்தும் பிறர் களத்தில் நான்கும் ஆட, மறுபாதி நான்கும் ஐந்துமாய் ஆடல் வேண்டும். சொந்தக் களத்தின் அனுகூலத்தை அறிந்தோர் இக்குறையை எளிதென்னார்.

இரண்டாவது, சிறிய கல்லூரிகளின் நிலை. பெரிய கல்லூரிகள் கூட்டமைப்புக்கு வெளியே சிறியாரை வருவித்து ஆடும்போது, அவர்க்கு ஒரு தொகை கொடுப்பது வழக்கம். சிறியோர் பெரும்பாலும் தோற்பர். ஆயினும் அத்தொகையாலே தம் விளையாட்டுத் துறையை ஓராண்டுக்கு நடத்துவர். கறுப்பின மக்களுக்கென எழுந்த பழம்பெருங் கல்லூரிகள் பலவும் இவ்வருவாயை நம்பியுள்ளன. ஒன்பதாவது கூட்டமைப்பாட்டம் வருமிடத்து முதலில் நீக்கப்படுவது இவ்விருந்தாளியின் இடமே. வருவாய் இழப்பொருபுறமிருக்க, வாய்ப்பிழப்பும் உண்டு. 2007ஆம் ஆண்டு செத்தெம்பர் முதலாந் திகதி, நாட்டில் ஐந்தாம் இடத்தில் வைத்தெண்ணப்பட்ட மிச்சிகன், நான்கு இலட்சம் டொலர் கொடுத்து அப்பலாச்சியன் ஸ்ரேற் என்னும் கீழ்வகுப்புக் கல்லூரியைத் தன் களத்துக்கு வருவித்தது. இலட்சத்துக்கு மேற்பட்டோர் கண்டிருக்க, வந்தவர் 34க்கு 32 என வென்று மீண்டனர். கொடுத்த பணத்தோடு வெற்றியையுங் கொண்டுசென்ற அக்கூட்டத்தின் புகழ் இன்றும் மங்கவில்லை. சிறியோர் பெரியோரை எதிர்க்கும் வாயில் அடைபடுமாயின், இத்தகைய வியப்புக்கள் இனி எங்கே நிகழும்? விளையாட்டிலே வலியார் வலியாரோடு மட்டுமே பழகும் நிலை வருமாயின், அது செல்வர் செல்வரோடு மட்டுமே சம்பந்தஞ் செய்யும் ஊரைப் போலாம்.

மூன்றாவது, வேலிக்கு வெளியேயுள்ள உறவுகள். மேலே பழம்பகையைக் காத்தல் நீட்சியின் நன்மை என்றோம். ஆயின், எல்லாப் பழம்பகையும் ஒரே கூட்டமைப்பினுள் அடங்குவதில்லை. ஒக்லகோமா மாநிலத்தின் இரு பல்கலைக்கழகங்களும் ஆண்டுதோறும் நடத்திவந்த ஆட்டம், ஒன்று தென்கிழக்குக் கூட்டமைப்பிற்குப் பெயர்ந்தமையால் 2023ஆம் ஆண்டோடு நின்றது. ஒரே மாநிலத்தின் பென் ஸ்ரேற், பிற்ஸ்பேர்க் ஆகிய இரண்டும் 2016 முதல் 2019 வரை நான்கு ஆண்டு ஆடிப் பின் விடுத்தன. கூட்டமைப்பாட்டம் மிகுந்தால், அயலவனோடு ஆட எஞ்சிய நாட்கள் மூன்றே. அம்மூன்றிலும் ஒன்று வருவாய்க்கும், ஒன்று எளிய வெற்றிக்கும் போகுமாயின், அயலவனுக்கு என்ன மிஞ்சும்? ஆயிரங் கட்டை தொலைவிலுள்ளானோடு உறவாடி, அடுத்த வளவினனை மறத்தல் விரும்பத்தக்கதன்று.

நான்காவதும் தலையாயதும், ஆடுவோனின் உடலும் கல்வியும். ஒன்பதாவது கூட்டமைப்பாட்டம் பன்னிரண்டினுள் அடங்குவதால் ஆட்டத்தொகை மிகவில்லை என்பர் ஆதரிப்போர். தொகை மிகவில்லை என்பது மெய். மோதலின் வன்மை மிகுகின்றது என்பதும் மெய்யே. மெலியான் ஒருவனை எதிர்க்கும்போது, முன்னணி ஆட்டக்காரர் பாதிநேரத்துக்குப்பின் இளைப்பாற, இளையோர் களமிறங்கிப் பழகுவர். வலியானை எதிர்க்கும்போது அவ்வோய்வு இல்லை. இறுதிப்போட்டிகளோ விரிந்துகொண்டே செல்கின்றன. 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் வெற்றிக்கிண்ணம் பெற்ற ஒஹாயோ ஸ்ரேற், ஆகஸ்ட் மாத இறுதியிலே தொடங்கி 2025ஆம் ஆண்டு சனவரி 20ஆந் திகதி முடிய, பதினாறு ஆட்டங்கள் ஆடியது. மரணத்தின் பின் ஆராய்ச்சிக்கென அளிக்கப்பட்ட உதைபந்தாட்டக்காரரின் மூளைகளைப் பொஸ்ரன் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவிலே, கல்லூரி மட்டத்தோடு நின்ற 53 பேருள் 48 பேரிடம் மீண்டும் மீண்டும் மோதுண்டமையால் விளையும் மூளைச் சிதைவு காணப்பட்டது. நோய்க்குறி கண்டவரின் குடும்பத்தாரே பெரும்பாலும் மூளையை அளிக்க முன்வருவராதலின், ஆடுவோர் யாவருக்கும் இவ்வீதம் பொருந்தும் எனக் கொள்ளுதல் தவறு. ஆயினும், ஒவ்வொரு மோதலும் ஒரு விலை கொண்டது என்பதனை எவரும் இனி மறுக்கவியலாது.

கல்வியின் நிலையும் அத்தகையதே. 2024ஆம் ஆண்டில் 'பிக் ரென்' பதினெட்டுக் கல்லூரிகளாய் விரிந்தபோது, அத்திலாந்திக் கரையோரத்து ரட்கர்சும் பசிபிக் கரையோரத்து லொஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகங்களும் ஒரே கூட்டமைப்பின் உறுப்பினராயின. இடையே மூன்று மணிநேர வேறுபாடு. கண்டத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் பறந்து ஆடி மீளும் மாணவன், திங்கட்கிழமைக் காலையில் வகுப்பில் எந்நிலையில் அமர்ந்திருப்பான் என்பதனை ஆசிரியராயுள்ளோர் உய்த்துணர்க.

ஈண்டு ஒரு தடை எழும். அவர்கள் இப்போது மாணவர் அல்லர், ஊதியம் பெறும் ஆட்டக்காரர். ஆதலின் கல்வியின் பெயரால் வாதிடுதல் பொருந்தாது என்பர் சிலர். 2025ஆம் ஆண்டு சூன் 6ஆந் திகதி நீதிமன்றம் ஏற்ற இணக்கத்தின்படி, ஒரு கல்லூரி 2025-26ஆம் ஆண்டில் தன் விளையாட்டு வீரர்களுக்கு 2 கோடி 5 இலட்சம் டொலர் வரை நேரே பகிர்ந்தளிக்கலாம் என்பது உண்மை. பல்லாண்டு உழைப்பின் பயனைப் பிறர் உண்ண, உழைத்தோர் வெறுங்கையோடு நின்ற அநீதி ஓரளவு தீர்ந்தது குறித்து நாம் மகிழ்கின்றோம். ஆனால், பணம் பெற்றதனாலே ஒருவன் மாணவன் அல்லன் ஆகான். கல்லூரியில் இவ்வாட்டம் ஆடுவோருள், தொழில்முறை ஆட்டத்துக்குச் செல்வோர் நூற்றுக்கு இருவருக்கும் குறைந்தோரே. எஞ்சிய தொண்ணூற்றெண்மரும் இருபத்திரண்டாம் வயதிலே பட்டத்தையும் உடலையுமே முதலாகக் கொண்டு உலகிற் புகவேண்டியவர். அவ்விரண்டையும் குறைவின்றி அவர் கையில் ஒப்படைத்தல் கல்லூரியின் கடன்.

இருதிறத்தார் கூற்றையும் சீர்தூக்குமிடத்து, நம் கருத்து வருமாறு:

எட்டா ஒன்பதா என்னும் வினா நோயன்று, நோயின் அறிகுறி. எட்டுக் கல்லூரிகள் கொண்ட கூட்டமைப்பில் யாவரும் யாவரையும் எதிர்க்க ஏழு ஆட்டம் போதும். பதினாறு கல்லூரிகள் கொண்டதிற் பதினைந்து வேண்டும், அஃது இயலாதது. தொலைக்காட்சிப் பணத்தை நாடிக் கூட்டமைப்புக்களை அளவின்றிப் பெருக்கியவரே, பெருக்கியமையால் உண்டான பிளவை ஒன்பதாவது ஆட்டத்தால் ஒட்டுப்போட முயல்கின்றனர். ஒட்டு வேண்டாம் என்று நாம் கூறவில்லை. கிழிந்த வேட்டிக்கு ஒட்டு வேண்டியதே. ஆனால் ஒட்டினைப் பட்டாடை எனப் போற்றுதல் வேண்டா.

அளவோடமைந்த கூட்டமைப்புக்கு எடுத்துக்காட்டு அந்நாட்டிலேயே உண்டு. ஹார்வார்ட், யேல், பிரின்ஸ்ரன், டாட்மவுத் முதலிய எட்டுப் பழம்பெருங் கல்லூரிகள் அடங்கிய 'ஐவி' கூட்டமைப்பிலே, ஒவ்வொருவரும் ஏனைய எழுவரையும் ஆண்டுதோறும் எதிர்ப்பர், வெளியாரோடு மூன்று ஆட்டம், ஆகப் பத்தே. விளையாட்டுத் திறனுக்கென உதவிப்பணம் அங்கே இல்லை. யார் முதல்வர் என்பதனைத் தீர்க்கத் தெரிவுக் குழுவும் வேண்டாம். 2024ஆம் ஆண்டு வரை அவர்கள் தேசிய இறுதிப்போட்டிகளுக்குக் குழுவை அனுப்பாதிருந்தனர். 2025ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்தே அதற்கு இசைந்தனர். முன்னே நினைவில் வைக்கக் கேட்டுக்கொண்ட டாட்மவுத் இங்கே வருகின்றது. அக்கல்லூரியின் பயிற்றுநர் பட்டி ரீவன்ஸ், 2010ஆம் ஆண்டிலேயே, பயிற்சியின்போது ஒருவரையொருவர் மோதி வீழ்த்தும் வழக்கத்தை அறவே நீக்கினார். இயந்திரத்தால் ஓடும் பொம்மையையே மாணவர் வீழ்த்திப் பழகினர். இவ்வாறு பயின்றோர் தோற்றொழிவர் என அஞ்சினோர் வெட்கும்படி, 2015ஆம் ஆண்டில் அக்குழு கூட்டமைப்பின் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது. மறுஆண்டே எட்டுக் கல்லூரிப் பயிற்றுநரும் பருவகாலப் பயிற்சியில் அம்முறையை மேற்கொள்ள இசைந்தனர். இந்நெறி கடும்பயிற்சியே வீரம் என்னும் மயக்கத்தைத் தெளிவித்தது.

ஆதலின், பெரிய கூட்டமைப்புக்களிலே ஒன்பதாவது ஆட்டத்தை நாம் நான்கு நிபந்தனையோடு வரவேற்கின்றோம். ஒன்று, பருவத்தின் மொத்த ஆட்டம் பன்னிரண்டை ஒருகாலும் மிஞ்சலாகாது. இறுதிப்போட்டிகள் இன்னும் விரியுமாயின், பன்னிரண்டைக் குறைத்தே அவற்றுக்கு இடங்காணல் வேண்டும். இரண்டு, கூட்டமைப்புக்கு வெளியேயுள்ள மூன்று நாட்களுள் ஒன்று அயலிலுள்ள சிறிய கல்லூரிக்கோ பழம் போட்டியாளனுக்கோ உரியதாய் விதிக்கப்படல் வேண்டும். மூன்று, ஆட்டத்தின் வன்மை மிகுமளவுக்குப் பயிற்சியின் வன்மை குறைக்கப்படல் வேண்டும். நான்கு, அட்டவணையை இறுதியாக ஒப்புவோர், 1895ஆம் ஆண்டிற் போல், கல்வியைப் பொறுப்பேற்றோராய் இருத்தல் வேண்டும். விற்பவனும் வாங்குபவனும் மட்டுமே கூடி விலைபேசுமிடத்து, பொருளாய்க் கிடப்பவன் குரல் எழாது.

கடல் கடந்த நாட்டின் கதை நமக்கேன் என்று மாணவர் வினவலாம். தொகைகள் வேறாயினும் வினா ஒன்றே. யாழ்ப்பாணத்திலே மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904ஆம் ஆண்டு முதல் ஆடிவரும் துடுப்பாட்டப் போட்டியை நோக்குக. அது தொலைக்காட்சிக்காகவோ தெரிவுக் குழுவுக்காகவோ பிறந்ததன்று. இரு கல்லூரி மாணவரும் ஒருவரையொருவர் அறிந்து மதிக்கப் பிறந்தது. இந்துக் கல்லூரிகள் தம்முள்ளும் பிறரோடும் வளர்த்துள்ள போட்டிகளும் அத்தகையனவே. இத்தகைய ஓர் ஆட்டத்தின் பெருமை, ஆண்டுக்கொருமுறை வருதலாற் பெருகியதேயன்றிப் பன்முறை வருதலாற் பெருகியதன்று. திருவிழா நாள்தோறும் நடைபெறின் அதனைத் திருவிழா என்பார் யார்?

பழைய மாணவராகிய நமக்கும் இதிற் பங்குண்டு. கிண்ணங்களின் தொகையைப் பெருக்குமாறு அதிபரையும் பொறுப்பாசிரியரையும் நெருக்குவோர் பெரும்பாலும் நாமே. களத்தில் இறங்கி ஆடும் பருவம் நமக்குக் கழிந்துவிட்டது. தோல்வியின் களைப்பும் பரீட்சையின் பாரமும் நம் தோளில் இல்லை. ஆதலின் இன்னும் ஓர் ஆட்டம், இன்னும் ஒரு சுற்று என்று கேட்டல் நமக்கு எளிது. கேட்குமுன், அட்டவணைத் தாளின் அருகே பரீட்சை நேரசூசியையும் வைத்து நோக்குதல் நம் கடமை. பணம் உதவுவோர் ஆலோசனை கூறலாம். நாள் குறிக்கும் கோல் ஆசிரியர் கையிலேயே இருத்தல் வேண்டும். முதற் பதினொருவர்க்கு ஓர் ஆட்டத்தைக் கூட்டுதலினும், அப்பதினொருவருள் இடம்பெறாத நூறு மாணவர்க்கு மாலையில் ஆட ஒரு பந்தும் ஒரு திடலும் அளித்தல் சிறந்த கொடையாகும் என்பதும் நம் துணிபு.

இவ்விழா ஆண்டிலே நம் கல்லூரி அன்னை பல நன்மக்களைக் கண்டு மகிழ்கின்றாள். அவருட் கிண்ணம் ஏந்தி வந்தோர் சிலர். ஏந்தாது வந்தோர் பலர். இருதிறத்தாரும் நல்லுடலோடும் நல்லறிவோடும் அவள் வாயிலைக் கடந்து சென்றமையே அவள் ஈட்டிய பெருவெற்றி. இனி வரும் மாணவரும் அங்ஙனமே ஆடுக, கற்க, வாழ்க என எல்லாம்வல்ல இறைவன் திருவடிகளை இறைஞ்சி அமைகின்றோம்.